அவனும் அவளும் அவரும்: திருநங்கையர் தன்வரலாறுகளின் மொழிபெயர்ப்பில் பால்காட்டல்

தமிழில் படர்க்கை வினைமுற்று பால்காட்டும் இயல்புடையது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்னும் ஐந்தனுள் ஒன்றைத் தேர்ந்த பின்னரே தொடர் முற்றுப்பெறும். எழுவாய் தோன்றா நிலையிலும் விகுதி பாலைச் சொல்லிவிடும். தன்மையிலும் முன்னிலையிலும் இக்கட்டாயம் இல்லை. ‘நான் வந்தேன்’ என்பவர் ஆணா பெண்ணா என்பது அத்தொடரால் விளங்காது. மொழியியல் மாணவர் முதல் ஆண்டிலேயே கற்றுக் கடந்துபோகும் செய்தி இது. ஆயின், ஆணென்று பிறரால் வளர்க்கப்பட்டுப் பெண்ணென்று தம்மை அறிந்த ஒருவர் தம் வாழ்க்கையைத் தமிழில் எழுதும்போது, இவ்விலக்கணச் செய்தியே நூலின் உள்ளமைப்பாகிவிடுகிறது. பிறர் வாயில் ‘அவன்’ என்றும், பின்னர் ஒரு சிலர் வாயில் ‘அவள்’ என்றும், இகழ்வோர் வாயில் ‘அது’ என்றும் சுட்டப்படும் ஒருவர், தம் வாயில் தொடக்கமுதல் இறுதிவரை ‘நான்’ என்றே நிற்கிறார். அந்த ‘நான்’ பால்காட்டாதது. எனவே அது மாற வேண்டிய தேவையும் எழுவதில்லை.

இத்தகைய நூல்கள் வேறு மொழிகளுக்குச் செல்லும்போதும், வேறு மொழிகளிலிருந்து தமிழுக்கு வரும்போதும், மூவிடப்பெயர்களும் வினைவிகுதிகளும் அடையும் மாற்றங்கள் தனியே ஆராயத் தக்கவை. மொழிபெயர்ப்புத் திறனாய்வு பண்பாட்டுச் சொற்களுக்கும் உவமைகளுக்கும் தரும் கவனத்தை இவற்றுக்குத் தருவதில்லை. ‘அவள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஷீ’ என்று எழுதிவிட்டால் பணி முடிந்தது என்னும் எண்ணமே பரவலாக உள்ளது.

மூன்று மொழிகள், மூன்று தலைப்புகள்

லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007இல் தமிழில் வெளிவந்தது. தலைப்பு ‘நான், சரவணன் வித்யா’. ஆசிரியர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவர் என்பது இவ்விடத்தில் குறிக்கத் தக்கது. தலைப்பில் வினை இல்லை, சுட்டுப்பெயர் இல்லை. தன்மைப் பெயர் ஒன்றும் இயற்பெயர்கள் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதற்பெயர் ஆண்பாற் பெயர், அடுத்தது பெண்பாற் பெயர். இரண்டையும் இணைக்கும் உம்மையோ, ஒன்றை விலக்கும் எதிர்மறையோ இல்லை. ஒன்று மற்றொன்றாயிற்று என்று சொல்லும் ஆக்கச்சொல்லும் இல்லை. இவ்வாறு வெறுமனே அடுக்கி வைத்தல் தமிழ்த் தொடரமைப்புக்கு இயல்பானது. உறவு என்ன என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும்.

வி. இராம்நாராயணின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஐ ஆம் வித்யா’ எனப் பெயர் பெற்றது. ஆங்கிலத்துக்கு இணைப்புவினை தேவை, அது வந்தது. பழைய பெயர் நீங்கியது. எஞ்சியது ஓர் உறுதிக் கூற்று. உரிமை நோக்கில் இத்தலைப்பே பொருத்தமானது என்பாருண்டு. விட்டுவந்த பெயரை அட்டையில் ஏற்றாமை மதிப்புக்குரிய செயலே. ஆயினும் தமிழ்த் தலைப்பில் இரு பெயருக்கும் இடையே கிடந்த தொலைவு ஆங்கிலத் தலைப்பில் இல்லாமற் போயிற்று. பின்னர் வந்த ஆங்கிலப் பதிப்பு, திருநர் ஒருவரின் பயணம் என்னும் பொருள்படத் துணைத்தலைப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது இவ்விழப்பை ஈடுசெய்யவே போலும். அத்துணைத்தலைப்பில் ‘டிரான்ஸ்ஜெண்டர்’ என்னும் அடைச்சொல் பெயராக நின்று வேற்றுமை உருபும் ஏற்கிறது. ஆங்கிலத்தில் இவ்வழக்கை இன்று பலர் மறுக்கின்றனர். தமிழில் ‘திருநங்கை’ பெயராகவே பிறந்த சொல்லாதலின் இச்சிக்கல் தமிழுக்கு இல்லை.

இந்நூலை அடியொற்றி 2015இல் பி. எஸ். லிங்கதேவரு இயக்கத்தில் வெளிவந்த கன்னடத் திரைப்படத்தின் தலைப்பு ‘நானு அவனல்ல... அவளு’. தமிழ்த் தலைப்பின் இரு இயற்பெயர்களும் போய், அவ்விடத்தில் இரு சுட்டுப்பெயர்கள் வந்துள்ளன. இலக்கண நோக்கில் இது வியப்புக்குரிய தொடர். எழுவாய் தன்மை, பயனிலை படர்க்கைச் சுட்டுப்பெயர். ஒருவர் தம்மைத் தாமே ‘அவள்’ என்று சுட்டுதல் இயல்பான பேச்சில் நிகழாது. முன்னர் யாரோ ஒருவர் ‘அவன்’ என்று சொல்லியிருந்தால் மட்டுமே இத்தொடர் பொருள்படும். ஆகவே இது தன்னறிமுகம் அன்று, மறுமொழி. தமிழ்த் தலைப்பு தன்னைப் பற்றிப் பேசுகிறது. கன்னடத் தலைப்பு தன்னைப் பற்றிப் பிறர் பேசியதைத் திருத்துகிறது. கன்னடத்தில் ‘அவரு’ என்னும் உயர்வுப் பன்மையும் இருக்க, அது இங்கு ஆளப்படவில்லை என்பதையும் நோக்க வேண்டும். ‘அவரு’ மரியாதை தரும். ஆனால் ஆணா பெண்ணா என்னும் வழக்கைத் தீர்க்காது. பெண்பாலை வேண்டுபவருக்குப் பொதுச்சொல் போதாது.

தலைப்பை முடிவு செய்தவர் ஆசிரியரோ பதிப்பாளரோ இயக்குநரோ, யாராயினும் ஆகுக. இம்மூன்றனுள் தமிழ்த் தலைப்பே நூலின் போக்குக்கு மிக நெருங்கியது. புனேயில் தொடர்வண்டிப் பெட்டிகளில் கையேந்திய நாள்களையும், கடப்பாவில் நடந்த அறுவையையும், சான்றிதழ்களில் பெயரை மாற்றுவதற்கு நடந்த நெடிய அலைச்சலையும் சொல்லும் நூல் அது. அந்த அலைச்சலில் இரு பெயர்களும் ஒரே தாளில் இருக்க வேண்டிய நிலையே ஆசிரியருக்கு வாய்த்தது. கன்னடத் தலைப்போ தன்னளவில் நின்று பேசவல்ல தொடர்; நூலைப் படியாதவருக்கும் வழக்கு இன்னதென விளங்கும்.

இலக்கண மரபு சொல்வதும் சொல்லாததும்

இப்பொருள் பற்றிய பேச்சில் தொல்காப்பியத்தையும் நன்னூலையும் எடுத்துக்காட்டுதல் இன்று வழக்கமாகிவிட்டது. எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் பெருமைக்காகவே காட்டுகின்றனர். நூற்பாக்களின் வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்த பெயரை உயர்திணையுள் வைக்கிறது. அதற்கெனத் தனி ஈறு இல்லை என்கிறது; உயர்திணைப் பால்களுக்குரிய ஈற்றையே அது ஏற்கும் என்கிறது. அதன்மேல், ஆண்பாற் சொல்லோடு அப்பெயர் இயைதலைப் பிறிதொரு நூற்பாவால் விலக்குகிறது. உரைகாரர் பேடி என்னும் பெயருக்கு ஆள்-ஈற்று வினையையும் ஆர்-ஈற்று வினையையும் பயனிலையாகக் காட்டுவர். ஆக, தமிழின் பழைய இலக்கணத்தில் இவர்க்கெனத் தனிப்பால் இல்லை. ஆனால் இவரை ‘அவன்’ எனச் சுட்டுதல் வழு.

நன்னூல் மேலும் இரண்டு செய்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவாரையும் சேர்த்துக்கொள்கிறது. இவர்க்கு ஆண்பால் உரியதாக்குகிறது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்லாமல் விட்ட, இன்று திருநம்பி எனப்படுவோர் பக்கம் இதனால் இலக்கணத்துள் இடம்பெறுகிறது. பால் கொள்ளும் அடிப்படையாக நன்னூலார் ஆண்ட சொல் ‘அவாவுதல்’ என்பதும் நோக்கத் தக்கது. உடலுறுப்பு அங்கே அளவுகோலாகவில்லை. எதை விட்டு எதை விரும்புகிறார் என்பதே அளவுகோல். ஆனால் அதே நூற்பா, இவ்விரு பகுதியினரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என்று முடிகிறது. முதற்பகுதியை மேடைகளில் முழங்குவோர் இவ்விறுதிப் பகுதியை விட்டுவிடுகின்றனர். ஒரே நூற்பாவில் விரும்பிய பாலும் உண்டு. மக்கள் வகையிலிருந்து விலக்கும் வழியும் உண்டு. இலக்கண நூலார் உரிமை பேச வந்தவர் அல்லர். தம் காலத்து வழக்கை வகுத்தவர். அவ்வழக்கில் இரண்டும் இருந்தன என்பதே இதனாற் பெறப்படும்.

அஃறிணைச் சுட்டு எங்கும் இழிவன்று என்பதையும் மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது. ‘குழந்தை அழுகிறது’ என்பதில் அன்பே உண்டு. ஆதலின் இந்நூல்களில் ‘அது’ வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘இட்’ என எழுதுவது தவறாக முடியும். சொல்பவர் யார், யாரை நோக்கி, எந்தத் தொனியில் என்பவற்றைக் கொண்டே அதன் மதிப்பு அமையும். வளர்ந்த ஒருவரைத் தெருவில் ‘அது போகுது பார்’ என்பதும், தாய் தன் பிள்ளையை ‘அது பாவம்’ என்பதும் ஒரு வடிவம்; பொருளோ இரண்டு.

தன்மை இடத்தில் நேரும் இழப்பு

தமிழ்த் தன்மைவினைக்குப் பால் இல்லை என்பதனால், தமிழிலிருந்து இந்திக்கோ மராத்திக்கோ செல்லும் தன்வரலாறு புதிய கட்டாயம் ஒன்றைச் சந்திக்கிறது. இந்தியில் படர்க்கைச் சுட்டுப்பெயருக்குப் பாற்பாகுபாடு இல்லை. வினைக்கு உண்டு, அதுவும் தன்மையிலேயே உண்டு. ‘செய்கிறேன்’ என்பதை ஆண் ‘கர்தா ஹூம்’ என்றும் பெண் ‘கர்தீ ஹூம்’ என்றும் சொல்ல வேண்டும். மராத்தியில் ‘மீ கர்தோ’, ‘மீ கர்தே’ என இரண்டு. இலட்சுமி நாராயண் திரிபாதியின் தன்வரலாறு 2012இல் மராத்தியில் வெளிவந்தது. 2015இல் ஆங்கிலத்தில் வந்தது. மராத்தியில் எழுதும் ஒருவர் தொடர்தோறும் தம் பாலைச் சொல்லியாக வேண்டியவர். ஆங்கிலத்தில் அக்கட்டாயம் முழுதும் நீங்கிவிடுகிறது. தமிழிலும் நீங்கிவிடும். நீங்குவது எளிமை போலத் தோன்றினும், மூலத்தில் ஒவ்வொரு வினைமுற்றும் செய்த வேலை மொழிபெயர்ப்பில் யாராலும் செய்யப்படாமற் போகிறது.

கிரா ஹால், வெரோனிகா ஓடோனவன் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் மிகப் பயனுடையது. பனாரஸில் வாழ்ந்த ஹிஜ்ராக்களின் இந்திப் பேச்சை ஆராய்ந்த அவர்கள், பேசுவோர் ஆண்பால் வினையையும் பெண்பால் வினையையும் மாறிமாறி ஆள்வதைக் கண்டனர். நெருக்கமும் பணிவும் காட்டும் இடங்களில் பெண்பாலும், வலிமையோ விலக்கமோ காட்டும் இடங்களில் ஆண்பாலும் வருதலுண்டு. குழுவில் சேர்வதற்கு முற்பட்ட காலத்தைச் சொல்லும்போதும் ஆண்பால் வரும். இம்மாற்றம் தடுமாற்றம் அன்று. பொருள் குறித்த தேர்வு. இத்தகைய பேச்சைத் தமிழில் தருபவர் என் செய்வார்? ‘செய்கிறேன்’ என்னும் ஒரே வடிவம் இரண்டையும் விழுங்கிவிடும். நல்லெண்ணம் கொண்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் பெண்பாலாக்கிச் சீர்செய்யவும் கூடும். அதுவும் பேசுபவரின் தேர்வைப் பறிப்பதேயாம். ‘அவன்’ என்று பிறர் சுட்டுவதைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டோ, தம் இறந்தகாலத்தை ஆண்பாலில் சொல்லும் உரிமையும் அவருக்கே உண்டு.

தமிழில் இதற்கு வழியே இல்லையென்று கைவிட வேண்டியதில்லை. வினையாலணையும் பெயர் இருக்கிறது. ‘கேட்டேன்’ என்பது பால் மறைக்கும். ‘கேட்டவள் நான்’, ‘கேட்டவன் நான்’ என்பன பால் காட்டும். இந்தி மூலத்தில் பால் மாறும் திருப்புமுனைகளில் மட்டும் இவ்வடிவத்தை ஆண்டால், மற்ற இடங்களில் பால்காட்டா முற்றே நிற்க, மாற்றம் படிப்பவர் காதில் விழும். எல்லாத் தொடர்களிலும் ஆண்டால் நடை திரிந்துவிடும். இந்தியில் கட்டாயமாக இருப்பது தமிழில் அழுத்தமாக ஒலிக்கும் என்னும் வேறுபாடு எஞ்சும். அதனைக் குறைக்கலாமேயன்றி நீக்கவியலாது. அடிக்குறிப்பை விட இது மேல்.

பிறர் கூற்றும் முறைப்பெயரும்

அ. ரேவதியின் தன்வரலாறு முதலில் வெளிச்சம் கண்டது மொழிபெயர்ப்பில். வ. கீதாவின் ஆங்கில ஆக்கம் 2010இல் வந்தது. தமிழ் மூலம் ‘வெள்ளை மொழி’ என்னும் பெயரில் 2011இல் வந்தது. நாமக்கல் பகுதியின் சிற்றூரிலிருந்து தில்லி, மும்பை, பெங்களூர் எனச் செல்லும் இவ்வாழ்க்கையில் இரு குடும்பங்கள் உள்ளன: பிறந்த குடும்பம், புகுந்த சமூகத்தின் குரு-சேலா குடும்பம். முன்னதில் மகன், தம்பி. பின்னதில் மகள், பேத்தி. தமிழில் உறவினரை, அதிலும் மூத்தோரை, சுட்டுப்பெயரால் அழைப்பதினும் முறைப்பெயரால் அழைப்பதே பெருவழக்கு. ஆகவே பாலடையாளம் ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பது தமிழில் ‘அவள்’ என்னும் சொல்லால் தெரிவதைக் காட்டிலும் ‘அக்கா’ என்னும் சொல்லால் தெரிகிறது. ஒரு தங்கை மகன் ‘மாமா’ என்பதை விட்டுப் ‘பெரியம்மா’ என்று அழைக்கும் நாளில், சட்டம் தராத ஒன்று கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர் சொல்லி அழைப்பதே இயல்பாதலின் இத்தகைய மாற்றம் மொழிபெயர்ப்பில் மங்கிவிடும். குரு-சேலா உறவின் ‘மகள்’ என்பதை மேற்கோட்குறிக்குள் இட்டு அச்சிடுவோரும் உளர். அக்குறி அதனைப் போலி மகளாக்குகிறது.

முன்னிலையில் ‘நீ’ பால்காட்டாது. ஆனால் ‘டா’, ‘டி’ காட்டும். வீட்டில் அண்ணன் அடிக்கும்போது வரும் ‘டா’வும், தோழியர் கூட்டத்தில் முதன்முறை காதில் விழும் ‘டி’யும் ஒரு தன்வரலாற்றின் இரு முனைகள் ஆகலாம். இவற்றை ஆங்கிலத்தில் அவ்வாறே ஒலிபெயர்த்து வைப்பது இந்திய ஆங்கில வழக்கில் ஏற்கப்பட்டதே. பிறநாட்டு வாசகருக்கு ‘டா’ வெறும் ஓசை. மொழிபெயர்ப்பாளர் நூலின் தொடக்கத்தில் ஓரிடத்திலேனும் அதன் பால்பொருளை உணர்த்திவிடுதல் நன்று.

பிறர் கூற்றில் வரும் தவறான பாலை மொழிபெயர்ப்பாளர் மாற்றலாகாது என்பது இங்கு வற்புறுத்தற்குரியது. தந்தை ‘அவன்’ என்றார், காவலர் ‘அது’ என்றார் என்றால், அச்சொற்கள் நிகழ்ந்த கொடுமைக்குச் சான்று. அவற்றை மென்மையாக்குவது சான்றை அழிப்பது. வழு நேர்வது வேறோர் இடத்தில்: முன்னுரை, பின்னட்டைக் குறிப்பு, மதிப்புரை, நூலகப் பட்டியல் ஆகியவற்றில். அங்கே பேசுபவர் கதைமாந்தர் அல்லர். ‘இளமையில் அவன் பட்ட துன்பங்கள்... அறுவைக்குப் பின் அவள் அடைந்த விடுதலை’ என்னும் பாங்கில் எழுதும் மதிப்புரை, பெண்பாலை மருத்துவர் கையிலிருந்து பெற்ற பொருளாக்கிவிடுகிறது. தன்வரலாறோ அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது; தாம் பெண் என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே அறிந்ததாகவும், உலகம் பின்னரே அறிந்ததாகவும் சொல்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பும், பாலடையாளத்தை ஒருவர் தாமே உணர்ந்து கொள்வது என்று கொண்டு, அறுவையை நிபந்தனையாக வற்புறுத்துவது கூடாது என்றது. மதிப்புரையாளரின் வினைவிகுதி அந்நிபந்தனையைத் தன்னறியாமலேயே மீண்டும் விதிக்கிறது.

‘அவர்’ எனும் புகலிடம்

இத்தகைய இடர்களிலிருந்து தப்ப, தமிழ் எழுத்தாளரும் இதழாளரும் நாடும் சொல் ‘அவர்’. இதன் வரலாறு சுவையானது. ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறுதல் வழக்கில் உண்டு, இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியம் பிரித்துக் காட்டும். ‘ஒருவர்’ என்னும் பெயரோ இருபாற்கும் உரியதென்றும் பன்மை வினை கொள்ளுமென்றும் கூறும். பொருளால் ஒருமை, முடிபால் பன்மை, பால் வரையறை இன்மை என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த சொல் அது. ஆங்கிலத்தில் ‘தே’ என்னும் பன்மைச் சொல் ஒருமையில் வருதல் பற்றி எழுந்த விவாதங்களும், 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் அதனை ஆண்டின் சொல்லாக அறிவித்ததும் அறிந்த செய்திகளே. தமிழ் அச்சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே வழக்கால் கடந்துவிட்டது.

ஆயினும் ‘தே’ என்பதற்கு ‘அவர்’ நேர் ஆகாது. ஆங்கிலச் சொல்லில் உயர்வுப்பொருள் இல்லை. எட்டு வயதுக் குழந்தைக்கும் அதை ஆளலாம், திருடனுக்கும் ஆளலாம். தமிழில் குழந்தையை ‘அவர் பந்து விளையாடினார்’ என்றால் நகைப்புக்கு இடமாகும். நண்பர் இருவர் ஒருவரைப் பற்றி உரிமையோடு பேசும் உரையாடலில் ‘அவர்’ புகுந்தால் நட்பு தொலைவாகிவிடும். தமிழில் பால் மறைக்க வேண்டுமாயின் மரியாதை கூட்டியாக வேண்டும்; மரியாதை குறைக்க வேண்டுமாயின் பால் காட்டியாக வேண்டும். ஆணும் பெண்ணும் அல்லாத அடையாளம் உடைய ஒருவரின் நெருங்கிய நண்பர் தமிழில் அவரைப் பற்றிப் பேச இயல்பான ஒருமைச் சுட்டு இல்லை. பெயரையே மீண்டும் மீண்டும் சொல்லலாம். தொழிற்பெயர்த் தொடர்களால் முற்றைத் தவிர்க்கலாம். வங்காளியில் ‘ஷே’ என்பது பாலும் காட்டாது, உயர்வும் காட்டாது, வினையும் பால்காட்டாது. அம்மொழியிலிருந்து வரும் ஒரு கதையைத் தமிழாக்குபவர், மூல ஆசிரியர் ஒருபோதும் எடுக்காத முடிவை முதல் தொடரிலேயே எடுக்க வேண்டியவராகிறார்.

இதற்கு எதிர்முனையும் உண்டு. ஆங்கில நூலில் ஒரு திருநங்கையை ஆசிரியர் ஓரிடமும் தவறாது ‘ஷீ’ என எழுதியிருக்க, தமிழில் மரியாதை கருதி ‘அவர்’ என்றே எழுதினால், மூலம் வற்புறுத்திய பெண்பால் கரைந்துவிடும். கன்னடத் தலைப்பு ‘அவரு’வை ஏற்காத காரணம் இங்கும் பொருந்தும். எழுத்து வழக்கில் ‘அவர்’ இருபாற்பொது. பேச்சு வழக்கிலோ ‘அவரு’ பெரும்பாலும் ஆணையும், ‘அவங்க’ பெரும்பாலும் மதிப்புக்குரிய பெண்ணையும் சுட்டும். ஆகவே உரையாடல் பகுதிகளில் ‘அவங்க’ என எழுதுவதால் மரியாதையும் பெண்மையும் ஒருங்கே கிடைக்கும். எடுத்துரைப்புப் பகுதியில், நெருக்கம் உள்ள இடத்தில் ‘அவள்’, பொதுநிலையில் ‘அவர்’ எனக் கலந்து எழுதிப் பெண்பாற் பெயர்களையும் முறைப்பெயர்களையும் உடன் நிறுத்தலாம். மாணவர் என்பதை விட மாணவி, தோழர் என்பதை விடத் தோழி என்பன இவ்விடத்தில் பயன்படும். பொதுப்பாற் சொல்லே எப்போதும் முற்போக்கானது என்னும் கருத்து இவ்வகை நூல்களுக்குப் பொருந்தி வரவில்லை.

தமிழ்நாட்டு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல், பாலடையாளம் பற்றிய கலைச்சொற்களை ஒழுங்குபடுத்த முயன்றது. பெயர்ச்சொற்களுக்கு அத்தகைய பட்டியல் போதும். விகுதிகளைப் பட்டியலால் ஒழுங்குபடுத்த இயலாது. அவை தொடர்தோறும் எழுதுபவரால் முடிவு செய்யப்படுவன. ஆவணத் தமிழில் ‘த/பெ’ என்னும் குறியீடு பிள்ளையின் பாலைச் சொல்லாமல் தந்தை பெயரை மட்டும் தருகிறது. அதற்கு நேராக நிற்கும் ஆங்கிலக் குறியீடுகளோ மகனா மகளா என்பதை முதலெழுத்திலேயே அறிவித்துவிடுகின்றன. ஒரே சான்றிதழின் இரு மொழிப் படிகளுள் பால் வெளிப்படுவது ஆங்கிலப் படியில் மட்டுமே. தமிழ்ப்படியை மூலமாகக் கொண்டு ஆங்கிலப்படி ஆயத்தம் செய்யும் அலுவலக மொழிபெயர்ப்பாளர், உரியவரைக் கேளாமல் அவ்வெழுத்தை இடுவதற்கு மூலத்தில் சான்று எதுவும் இல்லை.